குழந்தைகளுக்கு வானத்தைக் காட்டுவது எப்படி? நிலாவில் தொடங்கி நெப்டியூன் வரை

சூரியக் குடும்பத்தைப் பெரும்பாலான குழந்தைகள் முதலில் ஒரு படத்தில்தான் பார்க்கிறார்கள். எட்டுக் கோள்களும் ஒன்றையொன்று உரசுவதுபோல வரிசையாக நிற்கும் அந்தப் படம் பெயர்களை மனப்பாடம் செய்ய உதவும். ஆனால் அளவிலும் தொலைவிலும் அது தவறானது. அதில் உள்ள வியாழன் வானத்தில் எந்தப் புள்ளி என்பதையும் அது சொல்லாது. ஆகவே முதலில் வானம், அடுத்து விளக்கம், கடைசியில் படம் என்ற வரிசையையே நான் வலியுறுத்துவேன். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதமும், மொட்டை மாடியோ திறந்தவெளியோ இருந்தால் போதும்.

முதல் படி: கண்ணை இருட்டுக்குப் பழக்குதல்

வெளிச்சமான அறையிலிருந்து வெளியே வந்தவுடன் சில விண்மீன்களே தெரியும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

இரண்டாம் படி: பன்னிரண்டு மாலை நிலா

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தொடங்கி, தினமும் மாலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று நிலாவைப் பார்க்கச் செய்யுங்கள். ஒரு நோட்டில் அதன் வடிவத்தையும், அது எந்த மரத்துக்கு அல்லது கட்டடத்துக்கு மேலே நின்றது என்பதையும் குழந்தையே வரையட்டும். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. நிலாவோ ஒரு நாளில் விண்மீன்களுக்கிடையே சுமார் 13 பாகை கிழக்கே நகர்கிறது. நேற்றைய இடத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேல் தள்ளி அது நிற்பதைக் குழந்தை தன் கையாலேயே அளந்துகொள்ளலாம்.

முழுநிலவன்று இன்னொரு சோதனையும் செய்யலாம். அடிவானத்தில் நிலா மிகப் பெரிதாகத் தோன்றும்போது, நீட்டிய கையின் சுண்டுவிரலால் அதை மறைக்கச் சொல்லுங்கள். உச்சிக்கு வந்தபின் மறுபடி மறைக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் விரலின் பாதி அகலமே நிலாவை மூடும். கண் தன்னை ஏமாற்றியதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும் அந்த நொடியில் நீங்கள் எதையும் விளக்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் படி: பிறை ஏன் உண்டாகிறது?

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பெரியவர்களில் பலரே நம்புகிறார்கள். அதைத் திருத்த ஒரு இருட்டறையும், மறைப்பில்லாத ஒரு பல்பும், பென்சில் முனையில் செருகிய ஒரு சிறு பந்தும் போதும். குழந்தையின் தலைதான் பூமி. பந்தைத் தலைக்குச் சற்று மேலாக, கை நீட்டிப் பிடித்தபடி, விளக்கை நோக்கி நிற்கட்டும். பந்தின் இருண்ட பக்கமே தெரியும், அது அமாவாசை. மெல்ல இடப்பக்கமாகத் திரும்பினால் முதலில் மெல்லிய பிறையும், கால் சுற்றில் அரைநிலவும், விளக்குக்கு முதுகு காட்டும்போது முழுநிலவும் வரும். பந்தில் பாதி எப்போதும் ஒளியில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் அளவுதான் மாறுகிறது. கடைசியாகப் பந்தைச் சற்றே இறக்கித் தலையின் நிழலுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்: பூமியின் நிழல் உண்டாக்குவது சந்திர கிரகணத்தை.

நான்காம் படி: விண்மீனும் கோளும்

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாலைகள் தொடக்கத்துக்கு மிக ஏற்றவை. ஓரையன் என்னும் வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பில் மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்பதை எந்தக் குழந்தையும் கண்டுகொள்ளும். அவற்றுக்கு ஒருபுறம் செந்நிறத் திருவாதிரையும் மறுபுறம் நீலவெள்ளை ரைஜெலும் உள்ளன. செந்நிறமே வெப்பம் குறைந்தது என்று சொன்னால் குழந்தைகள் வியப்பார்கள். இடுப்புக் கோட்டை ஒருபக்கம் நீட்டினால் இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீனான சிரியஸும், எதிர்ப்பக்கம் நீட்டினால் ரோகிணியும், அதையும் தாண்டிக் கார்த்திகைக் கூட்டமும் கிடைக்கும்.

இவற்றிடையே அதிகம் மினுங்காமல் நிலையாக ஒளிர்வது கோளாக இருக்கலாம். மிகத் தொலைவிலுள்ள விண்மீன் வெறும் புள்ளியாகத் தெரிவதால் காற்றின் அலைவு அதன் ஒளியை ஆட்டிவிடுகிறது. கோள் சிறு வட்டாக இருப்பதால் அந்த ஆட்டம் பெருமளவு சமன்பட்டுவிடும். எந்தக் கோள் எங்கே நிற்கிறது என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் நீங்கள் முன்னதாகவே பார்த்து வையுங்கள்.

ஐந்தாம் படி: கயிற்றால் அளந்த சூரியக் குடும்பம்

14 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தைச் சூரியனாகக் கொண்டால், பூமி கடுகளவுதான் இருக்கும். அது இருக்க வேண்டிய இடம் 15 மீட்டர் தள்ளி. அந்த நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டிக்கொண்டு, ஒரு நேரான பாதையில் குழந்தையோடு அளந்து நடங்கள். கடுகிலிருந்து நாலு சென்டிமீட்டர் தள்ளி நிலா. சூரியனிலிருந்து ஒன்றரைக் கயிற்றில் செவ்வாய், ஐந்து கயிறும் சற்றும் கடந்தால் கோலிக்குண்டு அளவில் வியாழன், ஒன்பதரையில் சனி. நெப்டியூனுக்கு முப்பது கயிறு, அதாவது 450 மீட்டர் நடக்க வேண்டும். இதே அளவில் சூரியனுக்கு அடுத்த மிக அருகிலுள்ள விண்மீன் சுமார் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இந்த நடைக்குப் பிறகு அந்தப் பழைய படத்தைக் காட்டினால், அதில் என்ன தவறு என்று குழந்தையே சொல்லும்.

ஆறாம் படி: பைனாகுலர்

தொலைநோக்கிக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்). சூரியன் முழுவதும் மறைந்த பிறகே அதைக் குழந்தையின் கையில் கொடுங்கள், ஏனெனில் அதன் வழியே சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும். சுவரில் சாய்த்து அசையாமல் பிடித்து வியாழனைப் பார்த்தால், அதன் இருபுறமும் ஒரே கோட்டில் மிகச் சிறிய புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ மூன்று புள்ளிகளைக் கண்டு குறித்துவைத்தார். சில நாட்களில் நான்காவதும் தெரிந்தது. அவை வியாழனின் நிலவுகள். நோட்டில் நடுவே ஒரு வட்டமும் பக்கங்களில் அன்று தெரிந்த புள்ளிகளும் வரைந்து, தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதன் கீழேயே அடுத்த வரி.