ஹெட்போனில் இருந்த தவில் போனில் எங்கே போச்சு?

எங்கள் ஊர்க் கோயிலில் நாகஸ்வரம், தவில் கச்சேரியைப் பதிவு செய்தேன். முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகளை 60 செ.மீ. இடைவெளியில் வைத்திருந்தேன். ஹெட்போனில் அருமையாக விரிந்து கேட்டது. அம்மாவின் போனில் போட்டால் தவிலின் கனமே காணோம், குழாய்க்குள் அடிப்பது போல இருந்தது. மனசே விட்டுப்போச்சு.

முதலில் வயரைச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்தேன். அது காரணம் இல்லை. அம்மாவின் போனில் ஒரே ஸ்பீக்கர்; இடது, வலது இரண்டையும் கூட்டி மோனோவாக்கித்தான் ஒலிக்கும். தவில் ஓர் ஓரமாக இருந்ததால் அதன் ஒலி ஒரு மைக்கை விட இன்னொன்றுக்குச் சுமார் 34 செ.மீ. கூடுதலாகப் பயணித்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் தாமதம். இந்தத் தாமதத்தில் 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்ற அதிர்வெண்களில் ஒரு மைக்கின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்; இரண்டையும் கூட்டினால் அங்கெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 500 ஹெர்ட்ஸ் பக்கம் அடிபட்டால் தவிலில் அப்புறம் என்ன மிஞ்சும்?

அடுத்த பதிவில் எக்ஸ்-ஒய் முறைக்கு மாறினேன். ஒரு மைக்கின் தலைக்கு நேர் மேலே மற்றதன் தலை, இடையே 90 டிகிரி. ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும், வித்தியாசம் சத்தத்தின் அளவில் மட்டும்தான். விரிவு கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் போனில் தவில் தவிலாகவே கேட்டது, எனக்கு அதுதான் முக்கியம்.

பழைய பதிவைத் தூக்கிப் போடவில்லை. போனுக்கான பிரதியில் தவில் பக்கத்து மைக்கை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் இடத்திலேயே மோனோ பொத்தானை அழுத்திக் கேட்ட பிறகுதான் ரெக்கார்டரை ஓட விடுகிறேன்.