ஷஃபிள் வந்துவிட்டது, அப்புறம்?

அடியில் உலோகத் தகடு பதித்த ஷூவால் தரையைத் தட்டி ஆடுவது டேப் நடனம். அதன் அடிப்படை ஸ்டெப்களான ஷஃபிள், ஃபிளாப், பால் சேஞ்ச், கிராம்ப் ரோல் நாலும் காலில் படிந்ததும் என்னிடம் படிப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அடுத்து என்ன ஸ்டெப் அக்கா?" இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். போனைத் தரையில் வைத்து ரெக்கார்ட் செய்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கிராம்ப் ரோலின் நாலு சத்தமும் (இரண்டு முன்பாதம், பிறகு இரண்டு குதிகால்) ஒரே இடைவெளியில் விழுகின்றனவா? பெரும்பாலும் கடைசிக் குதிகால் அமுங்கிப்போயிருக்கும். டேப்பில் கால்தான் வாத்தியம். சத்தம் தெளியாமல் புது ஸ்டெப் சேர்த்தால் இரைச்சல்தான் கூடும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சொல்லித்தருவது சேலம் அம்மாபேட்டையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில். சிமெண்டிலும் டைல்ஸிலும் நேராக ஆடினால் அதிர்வெல்லாம் முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் போகும், தகடும் தேயும். 4க்கு 4 அடியில் 18 மி.மீ. பிளைவுட், அடியில் ரப்பர் மேட் போதும். ஏற்காட்டில் இருப்பவர்கள் பலகையின் விளிம்புக்கும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். இல்லாவிட்டால் மூடுபனி ஈரத்தில் உப்பிவிடும். ஆடும் முன் தகட்டுத் திருகுகளைத் தடவிப் பாருங்கள். ஒன்று துருத்தினாலும் பலகை கீறிப்போகும். பையில் ஒரு சின்னத் திருப்புளி இருக்கட்டும்.

பரதநாட்டியம் படித்துவிட்டு வருபவர்களுக்கு (நானும் அப்படித்தான்) ஒரு தனிச் சிக்கல் உண்டு. தட்டடவில் உள்ளங்கால் முழுக்கப் பதிய வேண்டும், கணுக்கால் உறுதியாக இருக்க வேண்டும். டேப்பில் அந்தக் கணுக்கால்தான் எதிரி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, ஈரக் கையை உதறுகிற மாதிரி பாதத்தை உதறுங்கள். தொடையில் இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பியுங்கள். மெட்ரோனோமை (தாளத்தைத் தட்டிக்காட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, சத்தம் சுத்தமானால் மட்டும் நாலு நாலாக ஏற்றுங்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு. ஜாஸின் ஸ்விங்கை (நீளமும் குட்டையுமாக மாறி மாறி விழும் தாள நடை) வெறும் எண்ணால் எண்ணிப் பிடிப்பது கஷ்டம். அதையே 'தகிட தகிட' என்று வாயால் சொல்லி, 'கி'க்கு மட்டும் காலில் சத்தம் போடாமல் விட்டுவிடுங்கள். ஃபிளாப்பின் உரசல் 'ட'வில், கால் பதிவது அடுத்த 'த'வில். ஸ்விங் வந்துவிடும். அது பிடிபட்டதும் பாரடிடில் என்ற ஸ்டெப்புக்குப் போங்கள்: குதிகாலை முன்னால் குத்தி, முன்பாதத்தைப் பின்னால் இழுத்து, முன்பாதம் பதித்து, குதிகால் இறக்க வேண்டும். மொத்தம் நாலு சத்தம். வாயில் 'தகிட' ஓடிக்கொண்டே இருக்க, ஒரு எழுத்துக்கு ஒரு சத்தமாகக் காலில் பாரடிடில் போடுங்கள். வாயில் நாலு தகிட முடியும்போது காலில் மூன்று பாரடிடில் முடியும். 12இல் இரண்டும் சந்திக்கும். முதல் தடவை நாக்கும் காலும் சண்டை போடும், போடட்டும். வாய்க்கு வராத தாளம் காலுக்கு வராது என்பது என் கட்சி.

எங்கள் தெருவில் விசைத்தறி ஓடும். அதன் தாளமும் என் தாளமும் எப்போதும் ஒத்துப்போகாது. அது ஓடுகிறபோதே டைம் ஸ்டெப் (திரும்பத் திரும்ப வரும் தாள ஸ்டெப்) ஆறும் அதை முடித்துவைக்கும் ஒரு பிரேக்கும் சிதறாமல் ஆடச் சொல்வேன். பாட்டின் மேல் சாய்ந்துகொள்ளாமல் உள்ளுக்குள் கணக்கு நிற்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது புல்பேக், தரையை உரசிப் பின்னால் தாவும் ஸ்டெப். இதில் எல்லோரும் மேலே குதிப்பார்கள். தேவையில்லை. முட்டியை மடக்கி, எடையை லேசாகப் பின்னால் சாய்த்து, முன்பாதங்கள் தரையை உரசியபடி பின்னோக்கிப் போக வேண்டும். உயரம் ஒரு விரற்கடை போதும். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துப் பழகுங்கள், கால் வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அப்புறம் பாணி. அமெரிக்க டேப் மேதைகள் இருவரைப் பாருங்கள். பில் ராபின்சன் முன்பாதத்தில் நிமிர்ந்து, லேசாக, சுத்தமாக ஆடியவர். ஜான் பபிள்ஸ் குதிகாலை இறக்கி, எதிர்பாராத இடத்தில் அடித்துத் தாளத்தை அடர்த்தியாக்கினார். ரிதம் டேப்பின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஒரே எட்டு பாரை (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை) இரண்டு விதமாகவும் ஆடிப் பாருங்கள். இரண்டாவதில் கை தானாகத் தொங்கட்டும். அபிநயம் பிடிக்க வேண்டாம்.

இதெல்லாம் ஓரளவு படிந்தபின் ஷிம் ஷாம் கற்றுக்கொள்ளுங்கள். 1920களின் கடைசியில் லெனார்ட் ரீடும் வில்லி பிரையன்ட்டும் அமைத்ததாகச் சொல்லப்படும் நாலு பகுதி ஆட்டம். 32 பார்தான், உலகில் எங்கே டேப் ஆடுபவர்கள் கூடினாலும் சேர்ந்து ஆடுவார்கள். ராபின்சன் பிறந்த மே 25ஐ அமெரிக்கா 1989இல் டேப் நடன நாளாக அறிவித்தது. அன்றைக்கு ஆட நினைத்தால் காலை ஏழுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்: சேலத்தில் அது அக்னி நட்சத்திரம், மாடித் தரையில் நிற்கவே முடியாது.