ரோபோ சக்கரத்துக்குப் பேரிங் இறக்குவது எப்படி?

நான் பூட்டிய முதல் ரோபோ ஓடும்போது கறகறவென்று அரைத்தது. கழற்றிய பேரிங்கை நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறை அண்ணாச்சியிடம் காட்டினேன். விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றிப் பார்த்தவர், "மக்கா, நீ பேரிங்க அடிக்கல, குண்டையில்லா அடிச்சிருக்க" என்றார். இறுக்கமான ஓட்டைக்குள் இறங்கட்டும் என்று உள் வளையத்தில் சுத்தியலால் தட்டியிருந்தேன்.

பேரிங் என்பது உள் வளையம், வெளி வளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டுகள். எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ, அதன் மேல்தான் அழுத்த வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் பக்க பிளேட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையம், ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையம். மாற்றி அழுத்தினால் அத்தனை விசையும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் தடத்தில் குழி விழுந்துவிடும். அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

நாம் பயன்படுத்தப்போவது 608 இசட்இசட், அதாவது இரண்டு பக்கமும் தகடு மூடிய பேரிங். உள்ளே 8, வெளியே 22, கனம் 7 மி.மீ. இரண்டு பக்க பிளேட்டுகளும் 10 மி.மீ. அலுமினியம். ஒவ்வொன்றிலும் 22 மி.மீ. ஓட்டை 7 மி.மீ. ஆழத்துக்கு, அதற்கப்புறம் 18 மி.மீ. ஓட்டை. நடுவில் வரும் படியில்தான் பேரிங் உட்காரும்.

முதலில் ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் எடுத்து, துணியால் துடைத்துவிடுங்கள். அதுவரை பேரிங் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இதைக் கூடுதலாகவே சொல்வேன். நம் கருமணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யவே பயன்படுகிற கல் அது, பேரிங்குக்குள் போனால் அரைத்துவிடும்.

அடுத்து, பேரிங்கை ஓட்டையின் வாயில் வைத்துப் பாருங்கள். தொப்பென்று விழுந்தால் ஓட்டை பெரிது. பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் பசையான லாக்டைட் 641 ஒரு துளி வெளி வளையத்தில் மட்டும் தடவலாம். வாயிலேயே நின்றால் நல்லது, அழுத்தி இறக்கலாம்.

சுத்தியல் வேண்டாம். ஒரு எட்டு எம்எம் போல்ட்டும் நட்டும் போதும். 22-க்குச் சற்றே குறைந்த வெளிவிட்டமுள்ள ஸ்பேனர் சாக்கெட் ஒன்றை வெளி வளையத்தின் மேல் வையுங்கள். பிளேட்டின் மறுபக்கம் பெரிய வாஷர். போல்ட்டை நடுவே விட்டு நட்டை மெதுவாகத் திருகுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கும், ஐந்தரைச் சுற்றில் வேலை முடியும். முதல் சுற்றில்தான் கவனம் தேவை: சாய்ந்து இறங்கினால் உடனே நிறுத்தி, நேராக்கிவிட்டுத் தொடருங்கள். படியில் தட்டியதும் ஸ்பேனர் சட்டென்று கனக்கும். அதற்கு மேல் ஒரு இழுப்பும் கூடாது.

ரொம்ப இறுக்கமா? பிளேட்டை வெந்நீரில் போடுங்கள். 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் 22 மி.மீ. ஓட்டை ஏறக்குறைய 0.03 மி.மீ. விரியும், அது தாராளம். எடுத்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டு இறக்குங்கள். பேரிங்கை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நம் கடற்கரை ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும், அப்புறம் துருதான்.

சரி, ஷாஃப்ட். முனையில் பிசிறு எடுத்து, சக்கரத்தையும் ஸ்பேசர்களையும் (சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் இடையில் வரும் குழாய்த் துண்டுகள்) கோத்து, இரண்டு பேரிங்கிலும் நுழையுங்கள். ஸ்பேசர் உள் வளையத்தை மட்டும் தொட வேண்டும், 11 மி.மீ. வெளிவிட்டமுள்ளது சரியாக இருக்கும். பிளேட்டுகளை இணைக்கும் போல்ட்டுகளை ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போதே, சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எந்த போல்ட்டில் கனக்கிறதோ, அங்கே பிளேட் இழுபடுகிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஆட்டம் இருக்கட்டும்.

விரலால் சுண்டிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்க்காதீர்கள். கிரீஸ் உள்ள புது பேரிங் சீக்கிரமே நிற்கும். மெதுவாகத் திருப்பி, எங்காவது நெருடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நெருடினால் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள். உள் வளையத்தில் தட்டி வெளியே எடுத்ததை மறுபடி பூட்ட வேண்டாம், அதிலும் குண்டுதான் அடி வாங்கியிருக்கும்.