தத்தெடுத்த குழந்தைக்குப் பால் பவுடர் மாற்றுவது எப்படி? முதலில் ஸ்கூப்பைப் பாருங்கள்

வேறொரு நாட்டுக் காப்பகத்திலிருந்து எங்கள் மகள் வந்தபோது அவளுக்கு எட்டு மாதம். அங்கே அவள் குடித்த பால் பவுடர் இங்கே கிடைக்காது. கொண்டுவந்த டின்கள் தீர்வதற்குள் புதியதற்கு மாற்றியாக வேண்டும். மாற்றி முடிக்கப் பதினாறு நாள் ஆனது, அதில் நான்கு நாள் என் தவறால் போனது. அது உங்களுக்கும் நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீடு வந்ததும் மாற்ற ஆரம்பிக்காதீர்கள். குரல், மணம், தொட்டில், தூங்கும் நேரம் எல்லாம் மாறிப்போன குழந்தைக்குப் பழகியது என்று மிச்சம் இருப்பது அந்தப் பாலின் ருசிதான். ஒன்றிரண்டு வாரமாவது அதையே கொடுங்கள். அந்த நாட்களுக்கும் அப்புறம் மாற்றும் நாட்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு டின் வாங்கி வாருங்கள். கிளம்பும் முன், காப்பகத்தில் பால் கலக்குபவரை உங்கள் கண்ணெதிரே ஒரு முறை கலக்கச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டின்னில் போட்டிருப்பது ஒன்று, அங்கே நடப்பது வேறாக இருக்கலாம். சில இடங்களில் தானிய மாவு சேர்ப்பார்கள், சர்க்கரை போடுவார்கள், சூடாகவே கொடுத்துப் பழக்கியிருப்பார்கள்.

எந்தப் பவுடர் என்பதைக் குழந்தைநல மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரும்புச்சத்து சேர்த்ததாக இருக்கட்டும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலுக்குத் தாவ வேண்டாம். அதே சமயத்தில் மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி வயிற்றில் இருந்தால் வயிற்றுப்போக்கு நிற்காது, நாம் புதுப் பால்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருப்போம்.

இனி ஸ்கூப், அதாவது டின்னோடு வரும் அளவுக் கரண்டி. எங்கள் பழைய டின்னில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு ஸ்கூப். புதியதில் 60 மி.லி.க்கு ஒரு ஸ்கூப், அந்த ஸ்கூப்பும் பெரிது. அது பவுடருக்குள் புதைந்து கிடந்ததால் கையிலிருந்த பழைய சின்ன ஸ்கூப்பாலேயே அள்ளிப்போட்டு, தண்ணீரை மட்டும் புது டின்னில் சொன்னபடி ஊற்றிவிட்டேன். அதாவது புதுப் பாலில் போட வேண்டிய பவுடரில் ஏறக்குறைய பாதியை மட்டுமே போட்டு, நீர்க்கவைத்துக் கொடுத்திருக்கிறேன். குடித்த ஒரு மணி நேரத்தில் விரலைச் சப்பிக்கொண்டு அழுவாள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டே நான்கு நாள் ஓட்டினேன். நீர்த்த பாலையே தொடர்ந்து கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம் என்று மருத்துவர் சொன்னபோது கை நடுங்கிவிட்டது. பவுடர் அதிகமாகிக் கெட்டியானாலும் ஆபத்து, உடலில் நீர் வற்றும். அன்றைக்கே ஒவ்வொரு டின்மேலும் பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை மி.லி.க்கு எத்தனை ஸ்கூப் என்று பெரிதாக எழுதி, அதனதன் ஸ்கூப்பை அதனதன் டின்னிலேயே போட்டேன். குவியலாக அள்ளாமல், அழுத்தாமல், கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள்.

இரண்டு பவுடரையும் ஒரே பாட்டிலில் கொட்டிக் கலக்கக் கூடாது. தனித்தனியாகப் பாலாக்கிவிட்டு, பாலையும் பாலையும் சேருங்கள். 120 மி.லி. குடிக்கிற குழந்தை என்றால் முதல் மூன்று நாள் பழையது 90, புதியது 30. அடுத்த மூன்று நாள் 60, 60. அப்புறம் மூன்று நாள் 30, 90. பிறகு முழுக்கப் புதியது. 30 மி.லி.க்கு அரை ஸ்கூப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம், அரை ஸ்கூப் ஒருபோதும் சரியாக வராது. 60 மி.லி. கலந்து பாதியை எடுத்துக்கொண்டு, குழந்தை வாய் வைக்காத மீதியை உடனே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். குழந்தை குடித்து வைத்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பவுடர் கிருமி நீக்கப்பட்டது இல்லை. அதனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகு பாட்டிலைக் குழாயடியில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஷேக்கர், மிக்ஸர் எதுவும் எனக்குப் பிடிக்காது, நுரைதான் கட்டும். கிருமி நீக்கிய நீளக் கரண்டியால் கலக்கினால் போதும்.

மலம் கரும்பச்சையாகப் போனால் பயப்படாதீர்கள், இரும்புச்சத்தால் அப்படி ஆகும். வயிறு கொஞ்சம் மந்தமாக இருந்தால் அதே அளவிலேயே இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள். மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது, சிறுநீர் குறைந்து டயபர் காய்ந்தே இருப்பது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பின்சேர்க்கை: புதுப் பாட்டிலில் குழந்தை நாலு வாய் குடித்துவிட்டுத் துப்புகிறது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். விசாரித்தால், காப்பகத்தில் நிப்பிள் ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். புது நிப்பிளில் இழுத்து இழுத்துக் களைத்துப்போகிறது குழந்தை. பாலையும் நிப்பிளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வேகமாக வரும் நிப்பிளில் தொடங்கி, மடியில் சற்று நிமிர்த்திப் பிடித்து, புரையேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே படிப்படியாகக் குறையுங்கள்.

இன்னொருவர், பழைய டின் பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்றார். ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரேயடியாக மாற்றினாலும் சமாளித்துக்கொள்வார்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முழுதாக மாற்றிவிடுங்கள். இழுத்துப்பிடிக்கலாம் என்று கடைசி டின்னில் தண்ணீரை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.