ஏர் ரைஃபிள் ஸ்கோப்: பெல்லட் கீழேயே அடித்தால்

வீட்டில் பாகம் பாகமாகச் சேர்த்த 4.5 மி.மீ. பிரேக் பேரல் (பேரலை, அதாவது குழலை, மடக்கித் திறக்கும்) ஏர் ரைஃபிள். ஸ்கோப்பின் டர்ரெட் (குறியை ஏற்றி இறக்கும் திருகு குமிழ்) நடுவில் இருக்க, 10 மீட்டரில் பெல்லட் 40 மி.மீ. கீழே அடித்தது. கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் ஒன்று அந்தத் தூரத்தில் 0.7 மி.மீ. தான் நகர்த்தும். டர்ரெட்டாலேயே சரிசெய்ய 55 கிளிக் ஏற்ற வேண்டும். டர்ரெட் அதன் எல்லையை நெருங்கினால் ஸ்கோப்பின் உள் ஸ்பிரிங்கின் பிடி தளரும், அடி ஓரிடத்தில் நிற்காது.

பெல்லட் போடாமல், பேரலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால், பேரல் மடங்கும் கீலின் பிவட் போல்ட்டை இறுக்காமல் வேறெதுவும் சரிவராது. ஆட்டமில்லை என்றால் பேரலே லேசாகத் தாழ்ந்திருக்கிறது. இந்த வகையில் சகஜம்.

ஷிம் எனும் மெல்லிய தகட்டை, ஸ்கோப்பைப் பிடிக்கும் பின் வளையத்தின் அடிப்பாதியில் வைத்தேன். வளையங்களுக்கிடையே 100 மி.மீ. இருந்தால், 0.1 மி.மீ. தகடு 10 மீட்டரில் அடியை 10 மி.மீ. உயர்த்தும். ஆக 0.4 போதும். அரை மி.மீ. தாண்டினால் வளையம் ஸ்கோப் குழாயை நெரிக்கும்; அங்கே சாய்வு மவுன்ட் (சாய்வாகச் செய்த ஸ்கோப் தாங்கி) வாங்குவதே நல்லது. மூடித் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இடம்-வலம் விலகலா? இரு துண்டு மவுன்ட் என்றால் ஒவ்வொரு வளையத்தையும் அதனதன் இடத்திலேயே முன்பின்னாகத் திருப்பிப் போடுங்கள். விலகலும் பக்கம் மாறினால் கோளாறு மவுன்ட்டில். மாறாவிட்டால் பேரலில் அல்லது டவ்டெயில் வெட்டில் (மவுன்ட் பொருந்தும் பள்ளத்தில்).