டொன்சில் பி கலங்களில் எப்ஸ்டீன்-பார் வைரசின் டிஎன்ஏயை அளத்தல்

1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் ஆகியோர் அறிவித்த வைரசு, பெரியவர்களில் பெரும்பாலானோரின் நினைவுப் பி கலங்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெண்குருதிக் கலங்களில்) வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கிறது. நலமாயிருப்பவரின் இரத்தத்தில் பத்து இலட்சம் பி கலங்களுக்கு ஏறத்தாழ 1 முதல் 50 கலங்களில் மட்டுமே அது இருப்பதால், எத்தனை கலங்களுக்குள் தேடினோம் என்று தெரியாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துமூல ஒப்புதலும் கிடைத்த பின்னர், அகற்றப்பட்ட டொன்சிலை நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த வளர்ப்பூடகத்தில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவர வேண்டும். கொழும்பில் பொரளையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் பாடசாலை விடும் நேரத்தில் வருபவர், பனிக்கட்டியைச் சற்றுத் தாராளமாகவே போட்டுக்கொள்வது நல்லது.

உயிரியற் பாதுகாப்புப் பெட்டியினுள் இழையத்தைச் சிறு துண்டுகளாக அரிந்து, 70 மைக்ரோன் வடியினூடாக மெல்ல அழுத்திக் கலங்களைப் பிரித்தெடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஃபைக்கோல் (கலங்களை அடர்த்தியால் பிரிக்கும் கரைசல்) அறை வெப்பநிலைக்கு வரும் வரை பொறுத்திருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் போத்தலும் குழாயும் வியர்த்து, சாதாரணப் பேனாவால் எழுதிய இலக்கம் விரலோடு வந்துவிடும் என்பதால், அழியாத மையையே பயன்படுத்துங்கள். கலக்கரைசலை ஃபைக்கோலின் மேல் குழாயின் சுவரோரமாக வழியவிட்டு, 400 ஜீயில் (புவியீர்ப்பின் 400 மடங்கு விசையில்) 30 நிமிடம், பிரேக் இன்றி மையநீக்கியில் சுழற்றுங்கள். முதன்முறை நான் பிரேக்கை நிறுத்த மறந்ததால், இடையில் மெல்லிய வெண்வளையமாக நிற்க வேண்டிய கலங்கள் கலைந்து, குழாய் முழுவதும் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கிவிட்டது.

வளையத்தைக் கவனமாக உறிஞ்சிக் கழுவியபின், பி கலங்களின் மேற்பரப்புப் புரதமான சிடி19ஐப் பற்றும் காந்தமணிகளால் பி கலங்களைப் பிரித்து, வழக்கமான கிற் ஒன்றினால் டிஎன்ஏயை எடுக்கலாம்.

மனிதக் கலமொன்றில் ஏறக்குறைய 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ உண்டு. ஆகவே, சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 500 நனோகிராம் வீதம் பத்துக் குழிகளில் பிசிஆர் (டிஎன்ஏயின் குறித்த பகுதியைப் பெருக்கி, ஒளிர்வைக் கொண்டு அளக்கும் முறை) செய்தால், சுமார் ஏழரை இலட்சம் கலங்களைச் சோதித்தவராவீர்கள். வைரசின் மீள்வரும் டபிள்யூ பகுதியைத் தேடினால் உணர்திறன் கூடும், ஆனால் அதன் பிரதிகளின் தொகை வைரசுக்கு வைரசு மாறுவதால், எண்ணுவதற்கு ஒருமுறை மட்டுமே வரும் பிஏஎல்எஃப்5 மரபணுவையே நான் தேர்வேன். அளவுகோல் வளைகோட்டை (பிரதிகளின் தொகையின் மடக்கைக்கு எதிராக, ஒளிர்வு தென்படும் சுழற்சியின் எண்ணை) வரைய, கலத்துக்கு இரண்டு வைரசுப் பிரதிகள் கொண்ட நமல்வா என்னும் ஆய்வக வளர்ப்புக் கலங்களின் டிஎன்ஏ உதவும்; கோட்டின் சாய்வு -3.1க்கும் -3.6க்கும் இடையில் இருக்க வேண்டும். டிஎன்ஏ இடாத கட்டுப்பாட்டுக் குழி ஒளிர்ந்தால், அன்றைய முடிவு முழுவதையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

கலங்களின் தொகையை அல்புமின் மரபணு தரும்: கலத்துக்கு இரண்டு பிரதிகள் என்பதால், 15 இலட்சம் அல்புமின் பிரதிகள் என்றால் ஏழரை இலட்சம் கலங்கள். அவற்றில் மொத்தம் 18 வைரசுப் பிரதிகள் கிடைத்திருந்தால், பத்து இலட்சம் கலங்களுக்கு 24 என்று எழுதலாம். ஒன்றுமே கிடைக்காவிட்டால் "வைரசு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். தனியொரு பிரதியையும் தவறவிடாத சோதனையாயின், 95 வீத உறுதியோடு சொல்லக்கூடியது, பத்து இலட்சம் கலங்களுக்கு 4 பிரதிகளுக்கும் குறைவு என்பது மட்டுமே.