மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்த பிறகும் கடிக்கிறதா?

மருந்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வயிறு முட்ட ரத்தம் குடித்த மூட்டைப்பூச்சி, பட்டினி கிடக்கும் பூச்சியைவிட மருந்தைக் கூடுதலாகத் தாங்கும். ஐந்து, பத்து நிமிடம் குடித்தாலே தட்டையாக இருந்தது சிவந்து உருண்டுவிடும். உடல் எடை கூடுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருந்து பட்ட பிறகு ரத்தம் கிடைத்தாலும் சில பிழைத்துக்கொள்ளும்.

அதனால் மருந்து அடித்ததும் பூச்சிக்குச் சாப்பாடு கிடைக்காமல் பாருங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், போர்வை தரையில் தொங்க வேண்டாம், கட்டில் கால்களுக்கு அடியில், பூச்சி ஏற முடியாத வழவழப்பான கிண்ணப் பொறி வையுங்கள். மெத்தைக்கு ஜிப் உறை போடுங்கள். வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள், அதுவும் பின்னாலேயே வரும்! முட்டைகள் பெரும்பாலும் மருந்துக்குத் தப்பிவிடும். அதனால் இரண்டு வாரத்தில் இன்னொரு முறை அடியுங்கள்.